மாமாவின் கால் புண், அவருடைய சொந்த ஸ்டெம் செல்: 71 வயசுல அது வேலை செய்யுமா?

அரசலாற்றங்கரை எழுதியது:

வணக்கம். கும்பகோணத்துல இருந்து எழுதுறேன். கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்கோங்க.

என் மாமனாருக்கு 71 வயசு. அரசு பஸ்ல டிரைவரா இருந்து ரிட்டையர் ஆனவர். சுகர் 24 வருஷமா இருக்கு. பீடியை 2011-ல விட்டுட்டார். சித்திரை மாசம் ஒரு நாள் உச்சி வெயில்ல கோயிலுக்குப் போயி, பிரகாரத்துக் கல்லுல மூணு சுத்து சுத்தியிருக்கார். கூடப் போன என் பையன் "தாத்தா சுடுது"ன்னு நிழலுக்கு ஓடிட்டான். இவருக்குச் சுடவே இல்லையாம். ராத்திரி கால் கழுவுறப்பதான் அத்தை பார்த்தாங்க. வலது கட்டைவிரலுக்கு அடியில பெரிய கொப்புளம். மறுநாள் அது உடைஞ்சு புண்ணாயிடுச்சு.

இப்ப புரட்டாசி. அஞ்சு மாசம் ஆச்சு, ஆறலை. தினம் டிரெஸ்ஸிங். மூணு மாச சராசரி சுகர் (ஹெச்.பி.ஏ.1.சி.) 9.8 இருந்ததை 7.9-க்குக் கொண்டுவந்துட்டோம். அரிசியைக் குறைச்சதுக்கு அவர் என்னோட பேசாம இருந்த நாளெல்லாம் தனிக் கதை. கால் ரத்த ஓட்டத்துக்கு ஒரு லேப்ல டெஸ்ட் எடுத்தோம். கணுக்கால் பிரஷரையும் கை பிரஷரையும் வகுத்துப் பார்க்கிற டெஸ்ட். 1.46 வந்துச்சு, "அடைப்பு இல்லை"ன்னு எழுதிக் கொடுத்துட்டாங்க. ஆனா இங்க பார்க்கிற சர்ஜன் பாதத்துல நாடி கிடைக்கலைங்கறார். ரத்தக்குழாய் டாக்டரைப் பாருங்க, ஆஞ்சியோ பண்ணி பலூன் வைக்க வேண்டியிருக்கும்னு சொல்றார். ரத்தத்துல உப்பு (கிரியாட்டினின்) 1.7 இருக்கு, ஆஞ்சியோவுக்கு ஏத்துற சாய மருந்து கிட்னியைக் கெடுத்துடுமோன்னு வீட்டுல எல்லாருக்கும் பயம்.

இதுக்கு நடுவுல நாத்தனார் பையன் ஒரு கிளினிக்கைக் கண்டுபிடிச்சிருக்கான். அடிவயித்துக் கொழுப்பை உறிஞ்சி, அதுல இருக்கிற ஸ்டெம் செல்லை (வேற வகைச் செல்லா வளரக்கூடிய மூலச் செல்) பிரிச்சு, கால்ல ஊசியா போடுவாங்களாம். புது ரத்தக்குழாய் முளைச்சு புண் ஆறிடுமாம். மூணு தடவை, 2 லட்சத்து 75 ஆயிரம். "உங்க சொந்தச் செல், அதனால பக்கவிளைவே கிடையாது"ன்னாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள 50 ஆயிரம் கட்டச் சொல்றாங்க.

எனக்குப் படிப்பு பி.காம். தான். ஆனாலும் ஒண்ணு உறுத்துது. அந்தச் செல்லெல்லாம் அஞ்சு மாசமா அவர் உடம்புலதானே இருந்துச்சு? அப்ப ஆத்தாதது, வயித்துல இருந்து எடுத்துக் கால்ல வெச்சா மட்டும் எப்படி ஆத்தும்? அவருக்கு 24 வருஷ சுகர்னா அந்தச் செல்லுக்கும் 24 வருஷ சுகர்தானே?

இன்னொண்ணு. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி கண்ணுல ரத்தக்குழாய் தேவையில்லாம முளைக்குதுன்னு, அது முளைக்காம இருக்க ஊசி போட்டாங்க. இப்ப கால்ல முளைக்கலைன்னு ஊசி போடணுங்கறாங்க. ஒரே மனுஷன்தானே?

என் வீட்டுக்காரர் "என் செல்லை எடுத்து அப்பாவுக்குப் போடட்டும்"ங்கறார். அவருக்கு 47. அது நடக்குமா?

மூலிகைத்தோட்டம் எழுதியது:

சகோதரி, லட்சக்கணக்கில் கொட்ட வேண்டாம். தினமும் வெந்நீரில் மஞ்சளும் படிகாரமும் போட்டு அரை மணி நேரம் காலை ஊறவைத்து, பிறகு மலைத்தேன் தடவுங்கள். எங்கள் பெரியப்பாவுக்கு 40 நாளில் ஆறியது.

பழைய வார்டு சிஸ்டர் எழுதியது:

மேலே எழுதினவருக்கு ஒரு கும்பிடு. வெந்நீர்ல மட்டும் காலை வெச்சுடாதீங்கம்மா. சுட்ட கல்லே தெரியாத காலுக்கு வெந்நீர் எங்க தெரியப்போகுது? அரை மணி நேரம் ஊறவெச்சு பாதம் முழுக்கத் தோல் கழன்டு வந்தவங்களை நான் டிரெஸ்ஸிங் பண்ணியிருக்கேன். பேத்திக்குக் காது குத்து, ராத்திரி வந்து விவரமா எழுதுறேன். அதுவரைக்கும் பணம் கட்டாதீங்க. அந்த 1.46-ஐயும் நம்பாதீங்க.

எலிக்கூண்டு எழுதியது:

அக்கா, நான் டாக்டர் இல்லை. ஆறு வருஷம் ஆராய்ச்சிக்கூடத்தில் சர்க்கரை எலிகளோடு குடும்பம் நடத்தினவன். முனைவர் பட்டம் வாங்கிக்கொண்டு வேறு வேலைக்குப் போய்விட்டேன். அதனால் வைத்தியம் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் செல்லுக்கும் 24 வருஷ சுகர்தானே என்று கேட்டீர்களே, என் ஆறு வருஷமும் அந்தக் கேள்வியில்தான் போனது. உங்களுக்கு அது சும்மா இருக்கும்போதே தோன்றியிருக்கிறது.

முதலில் கொஞ்சம் பழைய கதை. வளர்ந்த உடம்பில் புது ரத்தக்குழாய் வேண்டுமென்றால் பக்கத்துக் குழாயிலிருந்து கிளை விடும், வேறு வழியில்லை என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தார்கள். 1997-இல் பாஸ்டனில் தகாயுகி அசஹாரா, ஜெஃப்ரி இஸ்னர் குழுவினர் பெரியவர்களின் ரத்தத்திலேயே குழாய்ச் சுவர் கட்டக்கூடிய முன்னோடிச் செல்கள் சுற்றுகின்றன என்று சயின்ஸ் இதழில் எழுதினார்கள். எலும்பு மஜ்ஜையிலிருந்து கிளம்பி, அடிபட்ட இடம் தேடிப் போகும் செல்கள். உலகமே அதன் பின்னால் ஓடியது. நான் கொஞ்சம் தாமதமாக ஓடினேன். நான் சேர்ந்தபோது அந்த உற்சாகத்தில் பாதி வடிந்திருந்தது. அப்படி எண்ணப்பட்ட செல்களில் பெரும்பங்கு வெள்ளணுக் குடும்பத்தைச் சேர்ந்தவை, அவை சுவராக மாறுவதில்லை, பக்கத்திலிருந்து வளர்ச்சிப் புரதங்களைச் சுரந்து உதவுகின்றன என்று தெரிந்துவிட்டது. உண்மையிலேயே சுவர் கட்டும் வகை மிக அபூர்வம். வளர்ப்புத் தட்டில் இரண்டு மூன்று வாரம் காத்திருந்தால் கூழாங்கல் பாவியது போல ஓரிரு திட்டு தெரியும். அதைப் பார்த்த அன்று கேன்டீனில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன்.

சரி, பாதத்தில் ஒரு இடத்துக்கு ஆக்சிஜன் போதவில்லை என்று வையுங்கள். அங்கேயுள்ள செல்களில் ஹெச்.ஐ.எஃப்.-1 என்ற புரதம் சேரும். ஆக்சிஜன் நன்றாக இருக்கும்போது அது உண்டான சில நிமிஷங்களில் சிதைக்கப்பட்டுவிடும், குறைந்தால்தான் தங்கும். அது தங்கினால் ரத்தக்குழாயை வளர்க்கும் வி.இ.ஜி.எஃப்., செல்களை வரவழைக்கும் எஸ்.டி.எஃப்.-1 என்ற புரதங்கள் சுரக்கும். இவைதான் உதவி கேட்கும் கூப்பாடு. அது ரத்தம் வழியாக மஜ்ஜைக்குப் போகும். மஜ்ஜையில் நைட்ரிக் ஆக்சைடு சுரந்து, ஒட்டிக்கொண்டிருக்கும் செல்களை அவிழ்த்துவிடும். அவை கூப்பாடு வந்த திசை பார்த்துப் போய், குழாய்ச் சுவரில் ஒட்டி, உள்ளே நுழைந்து வேலையைத் தொடங்கும்.

சர்க்கரை நோய் இதில் எதைக் கெடுக்கிறது என்று கேட்டால், எதை விட்டுவைக்கிறது என்றுதான் யோசிக்க வேண்டும்.

கூப்பாட்டிலேயே கோளாறு. சர்க்கரை அதிகமான செல்லில் மீதைல்கிளையாக்சால் என்ற கழிவு சேருகிறது. ஹெச்.ஐ.எஃப்.-1 வேலை செய்ய பி300 என்ற இன்னொரு புரதம் தோள் கொடுக்க வேண்டும். இந்தக் கழிவு பி300-இல் ஒட்டிக்கொண்டு இரண்டையும் சேரவிடாமல் செய்கிறது. ஆக்சிஜன் இல்லாமல் திசு தவிக்கும், ஆனால் சத்தம் வெளியே வராது.

மஜ்ஜையில் நடப்பதுதான் என்னை அதிகம் உலுக்கியது. மஜ்ஜைக்குள்ளும் நரம்புகள் ஓடுகின்றன. எப்போது செல்களை வெளியே விடுவது என்பதை அந்த நரம்புகளும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. சர்க்கரை எலிகளின் மஜ்ஜையில் அந்த நரம்பு முனைகள் குறைந்து போயிருந்தன. செல்கள் உள்ளே கிடக்கின்றன, வெளியே வரவில்லை. கல் சுட்டது உங்கள் மாமாவுக்குத் தெரியாமல் போனதும் நரம்பு கெட்டதால்தான். பாதத்தில் நடந்ததை நீங்கள் பார்த்துவிட்டீர்கள். எலும்புக்குள் நடப்பதை யார் பார்ப்பது?

மனிதர்களிலும் பார்த்திருக்கிறார்கள். மஜ்ஜைச் செல்களை ரத்தத்துக்கு வரவழைக்க ஜி-சி.எஸ்.எஃப். என்று ஒரு ஊசி உண்டு. ரத்தப் புற்றுநோய்க்கு மஜ்ஜை மாற்று செய்கிறவர்கள் கொடையாளருக்குப் போடுவது. இத்தாலியின் பதுவா நகரில் ஃபதீனி என்பவரின் குழு அதைச் சர்க்கரை உள்ளவர்களுக்குப் போட்டுப் பார்த்தது. மற்றவர்களுக்கு வந்த அளவு செல்கள் அவர்களுக்கு வரவில்லை. இதற்கு மொபிலோபதி என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

வெளியே வந்த செல்லாவது நல்ல செல்லா? 2002-இல் நியூயார்க்கில் டெப்பர், கர்ட்னர் குழுவினர் டைப் 2 சர்க்கரைக்காரர்களின் ரத்தத்திலிருந்து இந்தச் செல்களை எடுத்து வளர்த்தார்கள். அவற்றின் பெருக்கம் மற்றவர்களுடையதைவிட 48 சதவீதம் குறைவு. மூன்று மாத சராசரி ஏற ஏற பெருக்கம் இன்னும் குறைந்தது. ஒட்டுவதிலும் குழாயாகப் பின்னுவதிலும் பின்தங்கின.

அந்தப் பின்னலை நான் எத்தனையோ இரவு பார்த்திருக்கிறேன். மேட்ரிஜெல் என்று ஒரு ஜெல்லி. அதன்மேல் செல்களை விட்டால் நல்ல செல்கள் ஆறு மணி நேரத்தில் மீன்வலை மாதிரி கண்ணி கண்ணியாகப் பின்னிக்கொள்ளும். சாயங்காலம் விட்டுவிட்டு நள்ளிரவில் போய்ப் படமெடுப்பேன். சர்க்கரைக்காரர் செல்கள் இருக்கும் கிண்ணத்தில் வலை அறுந்து கிடக்கும். சிலது பக்கத்துச் செல்லை நோக்கிக் கை நீட்டிவிட்டு அப்படியே நின்றிருக்கும்.

இப்போது வயிற்றுக் கொழுப்பு. கொழுப்பிலிருந்து எடுக்கும் செல் மஜ்ஜைச் செல் போல் இல்லை, தப்பித்துவிடும் என்று ஒரு நம்பிக்கை இருந்தது. 2014-இல் ஸ்டான்ஃபோர்டில் அதே கர்ட்னரின் கூடத்தில் சர்க்கரை எலிகளின் கொழுப்புச் செல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார்கள். மொத்தக் கூட்டத்துக்குள் ரத்தக்குழாய் வளர்ப்பதில் கெட்டிக்காரச் செல்கள் என்று ஒரு சிறு பிரிவு உண்டு. அந்தப் பிரிவுதான் குறைந்து போயிருந்தது. எண்ணிப் பார்த்தால் செல்கள் இருக்கும். பொறியியல் கல்லூரியில் பொறியாளர்களைத் தவிர எல்லாரும் இருப்பது மாதிரி.

வயது தனிக் கணக்கு. வயதாக வயதாகச் சிவப்பு மஜ்ஜையின் இடத்தைக் கொழுப்பு பிடிக்கிறது. சர்க்கரையே இல்லாத கிழ எலியிலும் ஆக்சிஜன் குறைந்த இடத்தில் ஹெச்.ஐ.எஃப்.-1 சரியாகத் தங்குவதில்லை, செல்கள் வந்து சேர்வதும் குறைவு. செல்களில் ஒரு பங்கு பிரிவதை நிறுத்திவிட்டு, சாகவும் சாகாமல், அழற்சிப் புரதங்களைக் கக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். இது பக்கத்துச் செல்களையும் கெடுக்கும்.

ஒரு உள்வீட்டு ரகசியம் சொல்கிறேன். ஒரு எலி கிழடாக ஒன்றரை, இரண்டு வருஷம் சோறு போட வேண்டும். ஆராய்ச்சிப் பணம் அதற்குள் தீர்ந்துவிடும். அதனால் ஸ்டெம் செல் போட்டதும் கால் பிழைத்தது என்று வரும் பெரும்பாலான ஆய்வுகளில் இருப்பவை இரண்டு மூன்று மாத வயதான குமரி எலிகள். என் எலிகளும் அப்படித்தான். தொடைத் தமனியைக் கட்டிவிட்டால் மூன்று நாலு வாரத்தில் அந்த எலி பெரும்பாலும் தானாகவே ரத்த ஓட்டத்தை மீட்டுவிடும். உங்கள் மாமாவுக்கு 71.

மனிதர்களில் பார்த்ததும் இதுதான். 2002-இல் ஜப்பானில் நோயாளிகளின் சொந்த மஜ்ஜைச் செல்களைக் கெண்டைக்காலில் போட்டபோது முடிவு நம்பிக்கையாக இருந்தது. 2015-இல் நெதர்லாந்தில் 160 பேரை வைத்து, யாருக்குச் செல், யாருக்கு வெறும் திரவம் என்று மருத்துவருக்கும் தெரியாதபடி மறைத்துச் செய்தார்கள். கால் இழந்தவர்களின் எண்ணிக்கையில் இரண்டு பக்கமும் வித்தியாசமில்லை. அங்கேயும் செலுத்தியது அவரவர் செல்தான். சுருங்கிய குழாயையே சரிசெய்ய முடியாத உடம்பிலிருந்து எடுத்த செல்.

கண் பற்றிக் கேட்டது அருமையான கேள்வி. விழித்திரையில் கூப்பாடு அடங்குவதே இல்லை. குழாய்ச் சுவரைத் தாங்கிப் பிடிக்கும் பெரிசைட் என்ற செல்கள் சர்க்கரையால் முதலிலேயே உதிர்ந்துவிடுவதால், வி.இ.ஜி.எஃப். கொட்டிப் புதுக் குழாய்கள் ஒழுகல் குழாய்களாக, கண்டபடி முளைக்கின்றன. பாதத்துப் புண்ணில் அதே வி.இ.ஜி.எஃப். போதாமல் போகிறது. அங்கே வரும் வெள்ளணுக்கள் சண்டை போடும் நிலையிலேயே சிக்கிக்கொண்டு, ஆற்றும் நிலைக்கு மாறுவதில்லை. ஒரே நோய் ஒரு பக்கம் மிகுதி, ஒரு பக்கம் பஞ்சம். ஆனால் இரண்டு இடத்திலும் நல்ல குழாய் கிடைப்பதில்லை. இதை அந்த கிளினிக்கில் சொன்னீர்களா? கண்ணில் அப்படி முளைக்கும் நிலையில் உள்ளவர்களை இந்த மாதிரிப் பரிசோதனைகளில் பொதுவாகச் சேர்ப்பதே இல்லை. பக்கவிளைவே கிடையாது என்று சொன்னவர் கண் பற்றிக் கேட்டிருக்க வேண்டும்.

அண்ணன், அதாவது உங்கள் வீட்டுக்காரர், செல் கொடுக்க முன்வந்ததில் தர்க்கம் இருக்கிறது, ஆராய்ச்சியாளர்களும் அதே வழியில்தான் போகிறார்கள். பெங்களூருவில் உருவான ஒரு தயாரிப்பில் ஆரோக்கியமான பல கொடையாளர்களின் மஜ்ஜைச் செல்களைக் கலந்து வளர்த்துக் கெண்டைக்கால் தசையில் போடுகிறார்கள். புகைப்பவர்களுக்கு வரும் பியூர்கர் நோய்க்கு முதலில் அனுமதி வாங்கி, 2020-இல் கொழுப்படைப்பால் வரும் கடுமையான ரத்தஓட்டக் குறைவுக்கும் வாங்கினார்கள். ஆனால் அது மருந்து போலத் தரம் பார்த்துத் தயாரிப்பது. ஒரு கிளினிக்கில் மகனிடம் உறிஞ்சி அப்பாவுக்குப் போடுவது வேறு விஷயம், அதற்கு அனுமதி கிடையாது. கொழுப்புச் செல்லும் அப்படியே. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017 வழிகாட்டு நெறிகள்படி, அனுமதி பெற்றவை தவிர மற்ற ஸ்டெம் செல் ஊசிகளைப் பதிவு செய்த பரிசோதனையில்தான் போடலாம். பரிசோதனை என்றால் உங்களிடம் பணம் வாங்கக் கூடாது. பரிசோதனைப் பதிவு எண் என்ன என்று வெள்ளிக்கிழமை ஒரு போன் போட்டுக் கேளுங்கள்.

காளையார்கோவில் எழுதியது:

அந்தத் தம்பி சொன்னதெல்லாம் பாதிதான் புரிஞ்சுது. நான் புரிஞ்ச விதத்தைச் சொல்றேன்.

எனக்கு 63. போன வருஷம் இடது காலில் ரெண்டு விரல் போச்சு. அதுக்கு முந்தி நானும் கொழுப்பு ஊசிக்குப் போனவன்தான். எந்த ஊர், எந்த இடம்னு எழுத மாட்டேன். போட்ட ரெண்டு நாள் கால் கதகதன்னு இருந்துச்சு. ஆகா ரத்தம் ஓடுதுன்னு வீட்ல பாயசமே வெச்சுட்டாங்க. சுகர்காரன் வீட்டுல பாயசம்! அது ஊசி குத்தின வீக்கம்னு பின்னாடிதான் தெரிஞ்சது. ஊசி வேலை செய்ய எட்டு வாரம் ஆகும், நடுவுல வேற எதுவும் பண்ணாதீங்கன்னு சொல்லியிருந்தாங்க. அந்த எட்டு வாரத்துலதான் சுண்டுவிரல் கருப்பாச்சு.

பணம் போனதை விடுங்க, ஆட்டை வித்தேன், திரும்ப வாங்கிக்கலாம். அந்த ரெண்டு மாசம் போனது போனதுதான். அப்புறம் பலூன் வெச்சாங்க. எடுத்த இடத்துப் புண் ஆறு வாரத்துல மூடிடுச்சு. இதையே முதல்ல பண்ணியிருந்தா பத்து விரலோட இதை எழுதியிருப்பேன்.

பழைய வார்டு சிஸ்டர் எழுதியது:

காது குத்து முடிஞ்சுது. இப்ப விஷயத்துக்கு வரேன்.

முப்பத்தோரு வருஷ சர்வீஸ்ல பாதி கால் புண் வார்டுலதான். முதல்ல அந்த 1.46. கை பிரஷரும் கணுக்கால் பிரஷரும் ஏறக்குறைய ஒண்ணா இருக்கணும், அதாவது 1 பக்கத்துல. 0.9-க்குக் கீழ போனா அடைப்பு. 1.4-க்கு மேல போனா ரொம்ப நல்லா இருக்குன்னு அர்த்தமில்லைம்மா. ரொம்ப வருஷ சுகர்ல, அதுலயும் உப்பு ஏறினவங்களுக்கு, காலு ரத்தக்குழாய் சுவர்ல சுண்ணாம்பு படிஞ்சு பழைய தண்ணிக் குழாய் மாதிரி விறைச்சுப் போயிடும். பட்டையைச் சுத்திக் காத்தடிச்சா குழாய் அமுங்காது. அமுங்காததுனால மெஷின் பெரிய நம்பர் காட்டும். உள்ள ஓடுற ரத்தம் கொஞ்சமாத்தான் இருக்கும். உங்க சர்ஜன் விரலை வெச்சு நாடி இல்லைன்னாரே, அவர் கை சொன்னதுதான் சரி.

கட்டைவிரல் பிரஷர் எடுக்கச் சொல்லுங்க. விரல் குழாய்ல அந்தச் சுண்ணாம்பு அவ்வளவா ஏறாது. சின்னப் பட்டை வெச்சு எடுப்பாங்க. 30-க்குக் கீழன்னா அவசரம். 55-க்கு மேலன்னா ஆற வாய்ப்பு நல்லா இருக்கு. எல்லா லேப்லயும் இருக்காது, ரத்தக்குழாய் சர்ஜன் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரியில இருக்கும்.

அப்புறம், புண்ணுக்குள்ள எலும்பு தட்டுதான்னு யாராவது குச்சி விட்டுப் பார்த்தாங்களா? எலும்பு தட்டினா உள்ள எலும்புலயே சீழ் பிடிச்சிருக்கலாம். அப்ப எந்த ஊசி போட்டும் மேல மூடாது. எக்ஸ்ரே எடுத்தாச்சான்னும் கேளுங்க.

மூணாவது, அவர் நடக்குறாரா? நீங்க எழுதவே இல்லை. டிரெஸ்ஸிங் பண்ணிட்டு, "பாத்ரூமுக்கு மட்டுந்தான் போறேன்"னு சொல்லிட்டு டீக்கடை வரைக்கும் போற ஆளுங்களை எனக்குத் தெரியும். கட்டைவிரலுக்கு அடியில புண்ணுன்னா ஒவ்வொரு அடிக்கும் முழு உடம்பு எடையும் அதுமேலதான். உள்ளே முளைச்ச கொஞ்சநஞ்சக் குழாயும் நசுங்கும். ரத்த ஓட்டத்தைச் சரிபண்ணின பிறகு பாதத்துக்குப் பாரம் போகாம மாவுக்கட்டு போடுவாங்க, இல்லேன்னா அதுக்குன்னு பூட்ஸ் இருக்கு. புண் ஆறினப்புறம் எம்.சி.ஆர். செருப்பு, மெத்துன்னு இருக்கிற ரப்பர் வெச்சது. அது தொழுநோய்க்காரங்களுக்காக வேலூர்ப் பக்கம் ஆரம்பிச்சது. மரத்துப்போன கால் எல்லாமே ஒண்ணுதான், அது நமக்கும் வந்துடுச்சு.

கிட்னி பயம் நியாயமான பயம். ஆனா 1.7-னா கதவைச் சாத்திட மாட்டாங்க. முன்னாடியே சலைன் ஏத்தி, சாயத்தைக் குறைச்சு, சில இடத்துல சாயத்துக்குப் பதிலா கார்பன் டை ஆக்சைடு வாயுவை விட்டும் எடுக்குறாங்க. மெட்ஃபார்மின் சாப்பிட்டார்னா எப்ப நிறுத்தணும்னு அவங்களே சொல்லுவாங்க, கேட்டுக்கோங்க.

ஆறுதா இல்லையான்னு எப்படித் தெரியும்னா, போட்டோ எடுங்க. பக்கத்துல ஸ்கேலை வெச்சு வாரம் ஒருதரம். நாலு வாரத்துல பரப்பு பாதியாகலைன்னா அந்த வைத்தியத்தை மாத்தணும். டாக்டரே சொல்லட்டும்னு காத்திருக்காதீங்க, நீங்க கேளுங்க.

அரசலாற்றங்கரை எழுதியது:

சிஸ்டரம்மா, நடக்குறாருங்க. டீக்கடைக்குத்தான். எப்படிக் கண்டுபிடிச்சீங்க?

போன் போட்டு பதிவு எண் கேட்டேன். "அதெல்லாம் டாக்டர்கிட்டதான் கேக்கணும்"னாங்க. டாக்டர் லைனுக்கு வரலை. பணம் கட்டலை. நாத்தனார் வீட்டுல கொஞ்சம் வருத்தம்.

எலிக்கூண்டு தம்பி, ஒண்ணு மட்டும். 9.8-ல இருந்து 7.9-க்குக் கொண்டுவந்தோமே, அதனால அந்தச் செல் கொஞ்சமாவது தேறியிருக்குமா? இதை என் வீட்டுக்காரருக்காகவும் கேக்கிறேன். அவருக்கு இப்பதான் 6.3 வந்திருக்கு.

எலிக்கூண்டு எழுதியது:

அக்கா, இதற்கு இரண்டு பதில்.

கெட்டது முதலில். செல்லுக்கு ஞாபகம் இருக்கிறது. 2008-இல் மெல்போர்னில் ஒரு குழு ரத்தக்குழாய்ச் சுவர்ச் செல்களை 16 மணி நேரம் மட்டும் அதிகச் சர்க்கரையில் வைத்துவிட்டு, பிறகு நல்ல அளவுக்கு மாற்றியது. ஆறு நாள் கழித்தும் மரபணுவைச் சுற்றியுள்ள புரதங்களில் அந்த அடையாளம் போகவில்லை, அழற்சி மரபணு ஓடிக்கொண்டே இருந்தது. 16 மணி நேரத்துக்கே அப்படி. சர்க்கரைக்காரரின் செல்லை நல்ல நீரில் மாதக்கணக்கில் வளர்த்தாலும் ஏன் அறுந்த வலையாகவே வருகிறது என்று நான் மண்டையை உடைத்துக்கொண்டதற்குப் பாதி விடை அது.

நல்லது, எல்லாமே அப்படி இல்லை. புகையை நிறுத்தியவர்களின் ரத்தத்தில் இந்த முன்னோடிச் செல்கள் சில வாரங்களிலேயே கூடியதைப் பார்த்திருக்கிறார்கள். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையும் உடற்பயிற்சியும் எண்ணிக்கையைக் கூட்டுகின்றன. எண்ணிக்கை கூடினால் புண் ஆறிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன், அது வேறு தூரம். மாமாவுக்கு 7.9 வந்தது வீண் இல்லை. புண்ணில் கிருமியோடு சண்டை போடும் வெள்ளணுக்களுக்கே அது உதவும். ஆனால் இனி புதுக் குழாய் முளைக்கட்டும் என்று காத்திருக்கும் நிலையில் அவர் இல்லை. இருக்கும் பழைய குழாயைத் திறப்பதுதான் வழி. பலூன் அதைத்தான் செய்கிறது, அதற்கு எந்தச் செல்லின் தயவும் வேண்டாம்.

அண்ணனுக்கு 6.3 என்றால், அவருடைய செல்கள் இன்னும் அதிகம் மனப்பாடம் செய்திருக்காது. எங்கள் எலிகளில் நாங்கள் எப்போதும் தவறவிட்ட கட்டம் அதுதான். கூண்டில் வைக்கோல் நனைந்து, எலி வாளி வாளியாகத் தண்ணீர் குடிக்க ஆரம்பித்த பிறகுதான் ஆராய்ச்சியையே ஆரம்பிப்போம். அவரை டீக்கடைக்கு நடக்கச் சொல்லுங்கள். மாமாவை உட்கார வையுங்கள்.

அரசலாற்றங்கரை எழுதியது:

எல்லாருக்கும் சொல்லணும்னு வந்தேன். தஞ்சாவூர்ல பார்த்தோம். கட்டைவிரல் பிரஷர் 28. டாக்டர் நம்பரைப் பார்த்துட்டு அன்னிக்கே அட்மிட் போட்டுட்டார். எலும்பு தட்டலை. முழங்காலுக்குக் கீழ மூணு குழாய்ல ரெண்டு அடைச்சிருக்கு, ஒண்ணைத் திறந்தாங்க. ரெண்டு நாள் உப்பு 2.1 வரைக்கும் ஏறி எல்லாரையும் அழவெச்சுட்டு, அப்புறம் 1.8-க்கு இறங்கிச்சு. இப்ப பிரஷர் 52. சிஸ்டரம்மா சொன்ன 55 இன்னும் வரலை. ஆனா ஸ்கேல் போட்டோ ஏழாவது வாரம் வரைக்கும் வந்தாச்சு, புண்ணு மொச்சைக்கொட்டை அளவுக்கு வந்திருக்கு. ஓரத்துல புதுசா ரோஸ் கலர்ல தோல் ஏறுது.

ஆனா இவர் இப்பவே மார்கழிக்குக் கோயிலுக்குப் போகணும்னு ஆரம்பிச்சுட்டார். எம்.சி.ஆர். செருப்போட உள்ள விடமாட்டாங்களே, என்ன பண்றது?

பழைய வார்டு சிஸ்டர் எழுதியது:

மார்கழியில புண் மூடியிருந்தாலும் புதுத் தோலும்மா, வாசல்ல நின்னு கும்பிட்டா போதும். அப்புறம் டாக்டர் சரின்னு சொன்னா விடியக்காலம் மட்டும் கூட்டிட்டுப் போங்க, கல்லு சுடாது. தடிமனா வெள்ளை சாக்ஸ் போடுங்க. வெள்ளைன்னா சின்னக் கசிவும் பளிச்சுன்னு தெரியும். ஒரு சுத்துதான், மூணு கிடையாது. வீட்டுக்கு வந்ததும் முகம் பார்க்கிற கண்ணாடியைக் கீழ வெச்சு உள்ளங்காலைப் பாருங்க. அவரைப் பார்க்கச் சொல்லாதீங்க, நீங்க பாருங்க. கண்ணுலயும் ஊசி போட்டவர்தானே.